கோட்டில் எழுந்த ஒரு மேடு

பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இயந்திரத்தை இயக்கச் சொல்லித்தருவது என் வேலையல்ல. அதற்குத் தலையணை கனத்தில் கையேடு இருக்கிறது. அதைவிட நன்றாகச் சொல்லித்தரப் பக்கத்து நாற்காலிக்காரர் இருக்கிறார். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியைக் காலி செய்தவள். ஆனாலும் கை சும்மா இருப்பதில்லை. காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டைப் பற்றித்தான், கையேட்டில் இல்லாத ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பால் வெள்ளை என்கிறோம். ஐ.ஆர். இயந்திரத்துக்கு அந்த வெள்ளை தெரியாது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை அது ஒரு துளிப் பாலுக்குள் அனுப்புகிறது. கொழுப்பு தனக்கு வேண்டிய பங்கை விழுங்கிக்கொள்கிறது. புரதம் வேறொரு பங்கை. பால்சர்க்கரை இன்னொன்றை. விழுங்கியது போக மிச்சம் மறுபக்கம் வெளியேறுகிறது. எந்த இடத்தில் எவ்வளவு ஒளி காணாமல் போனதென்று இயந்திரம் கோடாக வரைகிறது. மேடும் பள்ளமுமாக, தூரத்து மலைத்தொடர் மாதிரி. யூரியா, மாவு, சோப்புத்தூள், சர்க்கரை எது கலந்தாலும் மலைத்தொடரில் எங்காவது ஒரு மேடு புதிதாக எழும். நல்ல பாலின் மலைத்தொடர் எப்படி இருக்கும் என்று அதற்கு முன்கூட்டியே பழக்கியிருக்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் அதைப் பொருத்த வந்த பொறியாளர் என்னைவிட வயதில் சின்னவர். பெயர் மறந்துவிட்டது. போண்டா தின்ற கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது மறக்கவில்லை.

"மேடம், இதுக்குப் பால் தெரியாது. பழகினது, பழகாதது, ரெண்டுதான் தெரியும். பழகாதது வந்தா கத்தும். ஏன் வந்துச்சுன்னு கேட்டா முழிக்கும். அதை நீங்கதான் போய்க் கேக்கணும்."

"யார்கிட்ட?"

"அது எனக்கு எப்படி மேடம் தெரியும்? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. அதற்குமேல் இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய நம் டவுன்ஷிப்பில் பாலைச் சந்தேகிப்பது ஒரு பொழுதுபோக்கு என்பது உங்களுக்கே தெரியும். எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். எல்லோருக்கும் அவரவர் ஊர்ப் பால்தான் பால். என் எதிர் வீட்டு மதுரைக்கார அம்மா வாரம் ஒருமுறை ஜாம் பாட்டிலில் பாலை எடுத்துக்கொண்டு வருவார். "எங்க ஊர்ல பால்ல விரலை விட்டா விரலே தெரியாது. இதுல ரேகையே தெரியுது. உங்க மிஷின்ல போட்டுப் பாருங்க." போட்டுப் பார்ப்பேன். பாலில் ஒன்றும் இருக்காது. "அப்ப மிஷின் சரியில்ல" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பாலைச் சோதிப்பவளுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை இதுதான். இதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த பிளான்ட் தனியாருடையது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பால் சேகரிப்பு மையங்கள். வேன் போய்க் கேன்களை ஏற்றிக்கொண்டு வரும். நாங்கள் பார்த்துச் சரி என்றால்தான் பெரிய தொட்டிக்குள் இறங்கும்.

ஒருநாள் மாலைப் பாலில் இயந்திரம் கத்தியது. குறிஞ்சிப்பாடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பிப் போகிற ஊர் ஒன்று. பெயர் வேண்டாம். சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்படும் நிலங்களில் அந்த ஊர் வயல்களும் இருந்தன. அந்த ஊர்க் கேன்களில் யூரியா, அனுமதித்த அளவைத் தாண்டி.

கேன்களைத் தனியே ஒதுக்கினேன். மறுநாள் காலைப் பாலிலும் அதே மேடு, முந்தைய நாளைவிடக் கொஞ்சம் உயரமாக. ரசாயனச் சோதனையும் செய்தேன். சோதனைக்குழாயில் பால் எலுமிச்சை மஞ்சளாக மாறியது. சாதாரணப் பாலும் லேசாக மஞ்சளாகும். இது லேசு இல்லை.

மேலாளர் பின்னாலேயே நின்றிருந்தார். கெட்டவர் அல்ல. பயந்தவர். அந்த மாதம் தொலைக்காட்சியைத் திருப்பினால் கலப்படப் பால் பற்றிய பேச்சாகவே இருந்தது.

"எத்தனை தடவை மேடம் பார்ப்பீங்க? மிஷின் சொல்லிடுச்சு. கலர் டெஸ்ட்டும் சொல்லிடுச்சு. இன்னும் என்ன, பாலே வந்து வாக்குமூலம் குடுக்கணுமா?"

"சார், தண்ணி கலக்கலையே."

"அதனால?"

"யூரியா எதுக்குப் போடுவாங்க? தண்ணி ஊத்தினா பால் நீர்த்துப்போகும். நீர்த்தது தெரியாம இருக்கறதுக்குத்தான் யூரியா. இங்க புரதம் சரியா இருக்கு, சர்க்கரை சரியா இருக்கு, உறைநிலை சரியா இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணியே ஊத்தாம யூரியாவை மட்டும் போட்டா போடறவனுக்கு நஷ்டம்தானே?"

"புதுசா கத்துக்கிட்டு இருப்பான்."

"ஒருத்தன் இல்ல சார். மையத்துல கேன்ல ஊத்தறதுக்கு முன்னாடியே எடுத்து அனுப்பற ஒவ்வொருத்தர் மாதிரியையும் தனித்தனியாப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாருதுலயும் இருக்கு. கேன்ல கலந்திருந்தா தனி மாதிரியில வராது. ஒரு ஊரே சேர்ந்து, சொல்லிவெச்ச மாதிரி, ஒரே நாள்ல ஆரம்பிக்குமா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஊரே இப்ப கோவத்துல இருக்கு மேடம். நிலம் போகுது. எது வேணா செய்வாங்க."

அந்த வாக்கியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அதில் வேதியியல் இல்லை. ஆனால் சோதனைக் கூடத்தில் இப்படிப்பட்ட வாக்கியங்கள்தான் வேகமாக வேலை செய்யும். முடிவு கையில் இருக்கும்போது, அதற்குப் பொருத்தமான ஆட்களை மனம் தானாகப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும். இயந்திரம் மேட்டைத்தான் காட்டியது. திருடர்களைக் காட்டியது நாங்கள்.

கூடத்து வாசலில் அப்போது வேன் ஓட்டுநரோடு ஒரு பெண் நின்றிருந்தார். தனலட்சுமி. அந்த ஊர் மையத்தை நடத்துபவர். முந்தின நாள் பால் ஒதுக்கப்பட்டதை ஓட்டுநர் சொல்ல, கேன்களோடு தானும் வேனில் ஏறி வந்துவிட்டார். நாற்பதைத் தொடும் வயது. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பால்ல யூரியான்னு சொல்றாங்க. எந்தக் கேனுங்க?"

"எல்லாக் கேன்லயும்."

"எங்க வூட்டுப் பாலுலயுமா?"

"உங்க வீட்டுப் பால்லயும்தாங்க."

கோபத்தோடு வந்தவர் அந்தப் பதிலில் தன் ஊர்க் கேன்களைத் திரும்பிப் பார்த்தார். தன் வீட்டுப் பாலில் எதுவும் கலக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே அவருக்குப் பயம் வந்தது. பொய் சொல்கிறவர் இந்த இடத்தில் பயப்படமாட்டார், சத்தம் போடுவார். இது நிரூபணம் இல்லை. நிரூபணத்தைத் தேடிப் போவதற்கு இது போதும்.

மேலாளர் விதியைச் சொன்னார். இரண்டு வேளை யூரியா வந்தால் மையம் நிறுத்தப்படும். இந்த வட்டாரத்தில் ஒரு பிளான்ட் கலப்படம் என்று திருப்பி அனுப்பிய ஊரை இன்னொரு பிளான்ட் தொடாது.

"வயலு போவுதுங்க" என்றார் தனலட்சுமி. "மாட்ட வெச்சிதான் இனிமே பொழப்பு. இதயும் நிறுத்திட்டா மாட்ட வித்துட்டு எங்க போறது? பஸ் ஏறித் திருப்பூருக்கா?"

மேலாளர் சாலையைப் பார்த்தார். நான் மாலைப் பால் வரைக்கும் நேரம் கேட்டேன். அவர் கொடுத்தார். தயங்கித்தான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பயந்தவர்களிடமும் நேரம் கேட்டால் கிடைக்கும். தீர்ப்பை மாற்றச் சொல்லித்தான் கேட்கக்கூடாது.

மதியத்துக்குமேல் வேனிலேயே அந்த ஊருக்குப் போனேன். சுத்தம் செய்த பாட்டில்கள் ஒரு பெட்டி. வேறு ஆயுதம் இல்லை. திட்டம் எளிமையானது. நடுவில் எந்தக் கையும் எந்தப் பாத்திரமும் இல்லாமல், மடிக்கு நேர்கீழே பாட்டிலைப் பிடித்துப் பால் வாங்குவது. அதிலும் மேடு இருந்தால் யூரியா மாட்டுக்குள்ளிருந்து வருகிறது. இல்லாவிட்டால் மேலாளர் சொன்னதுதான் சரி.

முதல் வீடு கலியபெருமாளுடையது. கொட்டகையில் செவலைப் பசு. அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. பாலுக்குள்ள போட்டோ புடிக்கிற மேடமா? அப்படியே மாட்டையும் ஒண்ணு புடிச்சிகினு போங்க."

"இந்தப் பாட்டில்லயே கறந்து குடுத்தீங்கன்னா போதுங்க."

"வயல அளந்துகினு போனாங்க. வூட்ட அளந்துகினு போனாங்க. மடி ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சி. அளந்துக்குங்க."

கொட்டகைக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பாட்டிலோடு குனிந்தேன்.

"கிட்ட வராதீங்க, ஒதைக்கும். அதுக்கு டவுன்ஷிப்பு சோப்பு வாசனை ஆவாது." பாட்டிலைப் பிடுங்கி அவரே மடிக்குக் கீழே பிடித்துக்கொண்டார். கறந்துகொண்டே கேட்டார். "வூட்டுக்காரரு எங்கங்க வேலை?"

"மைன்ஸ்ல."

"கான்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டா?"

"பர்மனென்ட்."

"அப்ப ரெண்டு பக்கமும் நீங்களே அளந்துகினு இருக்கீங்க. நல்லா இருக்குதுங்க."

  பால் பாட்டிலின் சுவரில் பட்டுச் சர் சர் என்று இறங்கிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தீவனத் தொட்டியைப் பார்த்தேன்.

தொட்டி நிறைய நெற்பயிர். வைக்கோல் இல்லை, புல்லும் இல்லை. கதிரே வராத இளம் நெல், வேரை ஒட்ட அறுத்தது. அதன் பச்சையை நான் எங்கும் பார்த்ததில்லை. பச்சைக்குள் நீலம் ஏறி, நிழலிலும் மினுங்கியது. இலைகள் தங்கள் கனம் தாங்காமல் மடிந்து கிடந்தன. பசு அதை ஆசை ஆசையாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வீட்டுத் தொட்டியிலும் அதே பச்சை. அதற்கடுத்த வீட்டிலும்.

"எப்பலேர்ந்து இந்தப் பயிரைப் போடறீங்க?"

 அதுவரை என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். ஒரு கேள்வி சரியான இடத்தில் விழுந்ததை அது தரும் அமைதியை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

தனலட்சுமிதான் என்னைத் தெருவோரம் அழைத்துப் போனார்.

"மைன்ஸ்காரங்க வயல அளக்க வரும்போது பயிரு செழிப்பா நின்னா, அறுக்கிற வரைக்கும் விட்டுவைப்பாங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சிங்க. யாரு சொன்னதுன்னு தெரியல. ஊரே நம்பிச்சி. எங்க பயிரு சோனியா நின்னுகினு இருந்துச்சி. அதான் யூரியாவ மேலுரமா போட்டோம். ஒருக்கா போட்டதுல ஏறல. மறுபடியும் போட்டோம். வூட்ல இருந்த மூட்டையெல்லாம் கொட்டினோம். கருகருன்னு ஏறிச்சி பாருங்க. பாத்தா கண்ணு பட்டுடும்."

"வந்து பார்த்தாங்களா?"

"பாத்தாங்க. நல்லா இருக்குதேன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? நல்லா இருக்குதேன்னு சொல்லிட்டு எழுதிகினு போயிட்டாங்க. வயல எடுக்கிற தேதி மாறல. மண்ணு வெட்டுற மிஷினு ஏறி மெதிக்கறதுக்கு மாடாச்சும் துன்னட்டும்னு அறுத்துப் போட்டுகினு இருக்கோம்."

எனக்குள் கோடு நேராகிவிட்டது. வயலில் கொட்டிய யூரியாவைப் பயிர் குடித்தது. பயிரை மாடு தின்றது. தீவனத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அளவுக்கு மீறினால் மாட்டின் ஈரல் அதை மறுபடி யூரியாவாக்கி வெளியே தள்ளும். ஒரு பங்கு பாலில் இறங்கும். வயலைக் காப்பாற்றப் போட்ட உரம் வயலைக் காப்பாற்றாமல், பயிருக்குள் ஏறி, பசுவுக்குள் இறங்கி, கேனில் ஊற்றப்பட்டு, சாலையெல்லாம் குலுங்கி வந்து, என் திரையில் ஒரு மேடாக எழுந்து நின்றிருக்கிறது. பயிர் நன்றாக நின்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பியவர்கள் மட்டுமே உண்டாக்கக்கூடிய மேடு.

தனலட்சுமி என் கையைப் பிடித்தார். "வயலப் பத்தி எழுதாதீங்க மேடம். பயிரே வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. மீறி வெச்சி, உரமும் போட்டோம்னா வேற வம்பு வந்து சேரும்."

"என்ன எழுதணுமோ அதைத்தான் எழுதுவேன்" என்றேன். வாக்குறுதி கொடுக்கவில்லை. பாட்டில்கள் இன்னும் இயந்திரத்துக்குள் போகவில்லை. பாதியில் தெரிந்த உண்மைக்கு வாக்குறுதி கொடுத்தால், மீதி உண்மை வரும்போது கை கட்டப்பட்டிருக்கும்.

பிளான்ட்டுக்குத் திரும்பி ஒவ்வொன்றாக வைத்தேன். கலியபெருமாளின் செவலைப் பசு, மடிக்குக் கீழே பிடித்த பால், அதே மேடு. எல்லாப் பாட்டிலிலும் அதே மேடு. ஒரு வீட்டுப் பாட்டிலில் மட்டும் இல்லை. அந்த வீட்டுக்கு வயல் கிடையாது. மாடு வைக்கோலும் தவிடும் தின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு பாட்டில் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது. மேடு இருப்பதை நிரூபிக்க எத்தனை மாதிரி வேண்டுமானாலும் கிடைக்கும். இல்லாத இடத்தையும் ஒன்று தேடுங்கள்.

அறிக்கையில் நான்கு வரிகள். தண்ணீர் சேர்க்கப்படவில்லை. மாட்டிடமிருந்து நேராக வாங்கிய பாலிலும் இதே அளவு யூரியா. வெளியிலிருந்து கலந்ததற்கு ஆதாரம் இல்லை. தழைச்சத்து மிகுந்த பசுந்தீவனமே காரணம், தீவனத்தை மாற்ற வேண்டும். எந்த வயல், எப்போது, ஏன் உரம் போட்டார்கள் என்று எழுதவில்லை. அவற்றை நான் அளக்கவில்லை, கேட்டேன். பாலுக்குத் தேவையானது தீவனத்தின் பெயர். அது அறிக்கையில் இருந்தது. அதற்கு மேல் எழுதியிருந்தால் பரிசோதனைக் கூடம் தன் எல்லையைத் தாண்டியிருக்கும். தீவனத்தையே எழுதாமல் விட்டிருந்தால் தன் வேலையைச் செய்யாமல் விட்டிருக்கும். இன்றும் அதில் எனக்குக் குழப்பமில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அறிக்கையைப் படித்ததும் மேலாளரின் முகம் மலர்ந்தது. இரண்டு வேளைப் பால் குறைந்ததில் அவருக்கும் நெருக்கடி.

"அப்ப கலப்படம் இல்ல. இயற்கையா வர்றதுதான். பிரச்சினையே இல்லையே! ஏத்திடலாமா?"

"அளவு தாண்டியிருக்கு சார்."

"மேடம், காலையில அவங்களுக்காகச் சண்டை போட்டது நீங்கதானே?"

"திருடங்க இல்லன்னு சண்டை போட்டேன். பால் சரியா இருக்குன்னு சொல்லலையே."

"நாலு ஊர்ப் பாலோட கலந்தா அளவு தன்னால இறங்கிடும்."

"அளவு தெரியாம இருக்கறதுக்காக ஒண்ணோட ஒண்ணு கலக்கறதுக்குப் பேர் என்ன சார்?"

அவர் அறிக்கையை இன்னொரு முறை புரட்டினார். பிறகு சிரித்துவிட்டார். "உங்களோட வேலை பாக்கறதுக்கு மைன்ஸ்ல மண்ணு வெட்டலாம்" என்றார். பாலை ஏற்றவில்லை. மையத்தை மூடவும் இல்லை. சரியான பால் வரும்வரை நிறுத்திவைப்பு என்று எழுதினார்.

இளையவர்களே, ஒருவரை நியாயமாகக் காப்பாற்றிய உடனே அவருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடத் தோன்றும். கைக்கு அந்த வேகம் வந்துவிடும். அந்த நேரத்தில் கையை நிறுத்துவதுதான் கஷ்டம். மேலாளரிடம் பேசியது எளிது. அதைத் தனலட்சுமியிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். அந்தப் பயிரை உடனே நிறுத்தச் சொன்னார். பாலை விடுங்கள், இத்தனை உரம் ஏறிய பச்சையைத் தொடர்ந்து தின்றால் மாட்டுக்கே ஆபத்து, வாய் நுரைத்து விழலாம் என்றார். வைக்கோலும் தவிடும் கொடுக்கச் சொன்னார். சில நாளில் பால் தானாகச் சரியாகும்.

மறுநாள் காலை மையத்தின் வாசலில் நின்று இதைச் சொன்னேன். பால் ஊற்ற வந்தவர்கள் தூக்குவாளியைக் கீழே வைக்காமல் கேட்டார்கள்.

"திருடி இல்லன்னு சொல்லிட்டு, பால மட்டும் வாங்க மாட்டேன்னா எப்பிடிங்க?" என்றார் தனலட்சுமி. "ரெண்டும் ஒண்ணுதான?"

"ரெண்டும் வேறங்க. திருடின்னா எப்பவுமே வாங்க மாட்டாங்க. இது, பயிரை நிறுத்தினா அடுத்த வாரமே வாங்குவாங்க."

"பயிர நிறுத்திட்டு?"

"வைக்கோல் போடுங்க. தவிடு போடுங்க."

"அது தெரியுதுங்க. பயிர என்னா பண்றது?"

நான் யோசிக்காத கேள்வி அது. மாட்டுக்கு ஆகாது, பாலுக்கு ஆகாது. கதிர் வர நாள் இல்லை. கலியபெருமாள் கூட்டத்தின் பின்னாலிருந்து சொன்னார், "வுடு தனம். நல்லா இருக்குதேன்னு சொல்லிட்டுப் போனாங்க இல்ல. அவங்களே வெச்சிக்கட்டும்." இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் வாளியிலிருந்த பாலைச் சாக்கடையில் ஊற்றினார். மெதுவாக, சிந்தாமல், எங்கோ அளந்து ஊற்றுவதுபோல ஊற்றினார்.

அவர்கள் பயிரை நிறுத்தினார்கள். எனக்காக அல்ல. மாடு விழும் என்றதற்காக. குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து வைக்கோல் வாங்கி வந்ததாக ஓட்டுநர் சொன்னார். ஊரைச் சுற்றிப் பச்சை நின்றிருக்க, காசு கொடுத்து வைக்கோல்.

தினமும் வேன் வழியாக ஒவ்வொரு வீட்டு மாதிரியும் வந்தது. மேடு இறங்கிக்கொண்டே போனது. முதலில் சரிந்தது, பிறகு தேய்ந்தது. ஒரு காலை, கோடு பழைய மலைத்தொடராகவே வந்தது. இயந்திரம் கத்தவில்லை. அதற்கு இது பழகிய பால். இதற்கு முன் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் உட்காரும் நாற்காலியின் முன்னால் இருப்பது அதுதான். அதை நம்புங்கள், குறையில்லாதது. அது காட்டும் கோட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

மேலாளர் எட்டிப் பார்த்து, "நார்மலா?" என்றார். "நார்மல்" என்றேன். அன்று மாலையே வேனை அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

தனலட்சுமியைப் போனில் கூப்பிட்டேன். நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்ற ஆசை. எடுத்ததும் எதிர்முனையில் பெரிய இரைச்சல். அவர் குரல் அதற்குள் எங்கோ இருந்தது.

"என்னங்க சத்தம்?"

"மிஷினு வந்திருக்குது மேடம், வயலுக்கு. எல்லாரும் வரப்புல நின்னுகினு பாத்துகினு இருக்கோம்."

"அப்ப அப்புறம் பேசறேங்க."

"இல்ல, இல்ல. நீங்க சொல்லுங்க. கேக்குது."

பால் சரியாக இருக்கிறது என்றேன். சாயங்காலம் வேன் வரும் என்றேன். அந்த இரைச்சலில் கேட்டதோ என்னவோ, அவர் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. இன்னொரு முறையும் சொன்னேன்.